மண் பூசிய சோளம்

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. விலை போகாத பொருள் எதுவானாலும் அது தானமாகிவிடும். சொத்தைக் கத்தரிக்காய் பூசாரிக்கு, சாயம் போன வேட்டி டிராக்டர் ஓட்டுகிறவருக்கு, மண்டியில் தள்ளிவிட்ட மக்காச்சோளம் கோழிக்கு. கொடுத்த பிறகு இரண்டு நாளைக்கு எங்கள் முகத்தில் ஒரு களை இருக்கும். நடையே மாறிவிடும். நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு இருக்கிற தாராள மனசு எனக்கும் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

போன வருடம் ஆடி மாதம் எனக்கும் அவருக்கும் கோழியை வைத்து ஒரு சண்டை. அவர் காயப்போடுகிற தானியத்தை என் கோழிகள் கிளறிவிடுகின்றனவாம். 'கோழி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்' என்றார். கொஞ்சம் யோசித்துத்தான் கோழிகளை அனுப்பினேன். பத்துப் பெட்டையும் ஒரு சேவலும். விற்க மனசு வரவில்லை, வாரத்துக்கு விட்டேன்.

வாரம் என்பது எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் உள்ள ஏற்பாடு. உயிர் என்னுடையது, உழைப்பு அடுத்தவருடையது. தாய்க்கோழி எப்போதும் எனக்குத்தான் சொந்தம். அது பொரிக்கிற குஞ்சுகள் வளர்ந்ததும் ஆளுக்குப் பாதி. இடையில் கோழி செத்துப்போனால் செத்த கோழியைக் கொண்டுவந்து உடையவரிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குழம்பு வைத்துத் தின்றுவிட்டதாகப் பேச்சு வரும். இந்த விதியை யார் போட்டார்களோ தெரியாது. கோழி வைத்திருந்தவர்கள்தான் போட்டிருப்பார்கள்.

என் கோழிகளை வாங்கிக்கொண்டவள் எங்கள் கொல்லையில் களையெடுக்கவும் கதிர் ஒடிக்கவும் வருகிறவள். கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் ஏறி மலைப் பக்கம் போனால், கடைசி நிறுத்தத்துக்கு முந்தினது அவள் ஊர். சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நான் அவளை 'நீ' என்பேன், அவள் 'ங்க' போடாமல் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுதும்போதாவது 'அவர்' என்று மரியாதையாக எழுதலாமா என்று பார்த்தேன். பேச்சில் கொடுக்காததைக் காகிதத்தில் கொடுத்து நல்ல பெயர் வாங்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு ஒரே மகள். சங்கராபுரம் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். நாலு வருடம் கோயில் குளம் சுற்றின பிறகு அந்தப் பெண் உண்டாகியிருந்தது. பங்குனியில் வளைகாப்பு என்று முடிவு செய்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் முன்னால் யாரிடமும் கை நீட்டாமல் அந்த வளைகாப்பைச் செய்துவிட வேண்டும், அதுதான் அவளுக்கு உயிர். குஞ்சுகளில் தன் பாதியை விற்று வளையலும் புடவையும், மிச்சம் இருப்பதை அடித்து வந்தவர்களுக்கு விருந்து. ஒவ்வொரு குஞ்சு பொரிக்கும்போதும் அதில் ஏதாவது ஒன்றை எழுதிவைத்துவிடுவாள். 'செவப்பு சேவ புடவைக்குங்கம்மா, புள்ளி வெச்சது வளையலுக்கு' என்பாள். எனக்குச் சிரிப்பாக வரும்.

'தீனிக்கு நீ கவலப்படாத, நம்ம வூட்டு சோளம் இருக்கு' என்று நான் சொல்லியிருந்தேன். வாரத்துக்கு விடுகிறவர்கள் பொதுவாகத் தீனி கொடுப்பதில்லை. நான் கொடுத்தேன். அதை நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

மார்கழி வரைக்கும் பழைய சோளம், ஒரு குறையும் இல்லை. மார்கழியில் புதுச் சோளத்தை அடித்து, ஊர் வழக்கப்படி தார்ரோட்டில் பாதியை அடைத்துக் காயப்போட்டார் என் வீட்டுக்காரர். பஸ்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பருவம் முடிந்த பிறகு வந்த மழை, போகவே இல்லை. அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். வெயில் வந்து திறந்தபோது உள்ளே கை வைத்தால் சுட்டது, வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. குவியலின் அடிப்பக்கம் முழுக்க மணிகளின் முனை கறுத்து, பச்சையாகத் தூள் படிந்திருந்தது.

சின்னசேலம் மண்டிக்கு ஏற்றிக்கொண்டு போனார். மண்டிக்காரர் ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, கறுப்பு மூட்டைகளைத் தொடவே இல்லையாம். 'இத மொதல்ல எறக்கி அந்தாண்ட வைங்க, பக்கத்துல இருக்கற சரக்கும் கெட்டுடும்' என்றாராம். வீட்டுக்காரர் திரும்பி வந்து, 'அவனுக்கு இன்னா தெரியும், நேத்து பேஞ்ச மழையில மொளச்சவன்' என்று திட்டித் தீர்த்துவிட்டு, ஏழு மூட்டையையும் சுவரோரம் அடுக்கினார். அடுக்கிவிட்டு, 'கோழிக்கு ஆச்சு' என்றார். எங்கள் வீட்டு வள்ளல்தனம் அங்கே ஆரம்பித்துவிட்டது. முதல் மூட்டையை அவள் பஸ் நிறுத்தம் வரை தலையில் சுமந்துகொண்டு போனாள். 'மகராசியா இருங்கம்மா' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும், ஒயர் கூடையில் ஒரு செத்த கோழியோடு வந்து நின்றாள். விதிப்படி காட்ட வந்திருக்கிறாள். டிக்கெட் எடுத்து, பஸ்ஸில் நாலு பேர் மூக்கைப் பொத்த, செத்த கோழியை மடியில் வைத்துக்கொண்டு. நான் றெக்கையைத் தூக்கி, கொண்டையைப் புரட்டி, பெரிய நீதிபதி மாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். அடுத்த வாரம் இன்னொன்று. அப்புறம் ஒரே நாளில் இரண்டு, அதில் ஒன்று புடவைக்கென்று எழுதிவைத்த சிவப்புச் சேவல்.

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. தெருவில் வைத்தே கேட்டேன்.

'இன்னா பண்ணிக்கினு இருக்க நீ? கழிச்சலுக்கு மருந்து போட்டியா இல்லியா? சாயந்தரம் அடைக்கிறியா, இல்ல நாய்க்கு வுட்டுட்டு தூங்கிடறியா?'

'எல்லாம் பண்றேங்கம்மா. டாக்டர் ஊசியும் போட்டாச்சு. றெக்கைய தொங்கப் போட்டுக்கினு ஒரு மூலையில நிக்குது, ரெண்டு நாளு, அப்புறம் விழுந்துடுது. தீனி மட்டும் ஒரு வேள தவறலைங்க. வாடிப்போச்சேன்னு ஒரு கை ஜாஸ்தியாத்தான் போடறேன்.'

'கவனிப்பு கம்மி. வேற இன்னா? எங்கிட்ட இருந்தப்ப ஒண்ணு செத்துச்சா?'

எதிர்வீட்டுக்காரி வாசலுக்கே வந்து வேடிக்கை பார்த்தாள். கூடையோடு நின்றவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, 'பங்குனிக்குள்ள எல்லாம் போயிடுமோன்னு பயமா இருக்குதுங்க' என்றாள். அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை. செத்த கோழிகளில் ஒன்றை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோயைக் கண்டுபிடிக்கப் போனேன் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அவளுடைய அசட்டையை டாக்டர் வாயால் சொல்லவைத்து, அதைக் கொண்டுவந்து அவள் முகத்தில் அடிக்கத்தான் போனேன்.

டாக்டரம்மா சின்னப் பெண். கோழியை அறுத்தார். ஈரல் மஞ்சளாக இருந்தது, விரலால் அழுத்தினதும் உதிர்ந்தது.

'இது கழிச்சல் இல்லம்மா. என்ன தீனி போடறீங்க?'

'நல்ல சோளம் மேடம். எங்க வூட்டு சோளம்.'

'ஒரு கை கொண்டு வாங்க, பாக்கலாம்.'

மறுநாள் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்தார், மூடினார். 'இதையா நல்ல சோளம்னு சொன்னீங்க?' என்றார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். பூசணம் பிடித்த தானியத்தில் ஒரு விஷம் உண்டாகும், அது நேராக ஈரலைப் பிடிக்கும். காயவைத்தாலும் போகாது, கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. முதல் வேலையாக இந்தச் சோளத்தை நிறுத்த வேண்டும். நல்ல தீனியை அரைத்துப் போட வேண்டும். அதோடு ஒரு களிமண் தூள் இருக்கிறது, டாக்சின் பைண்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். தீனியில் கொஞ்சமாகக் கலந்தால், குடலுக்குள் அந்த விஷத்தைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியே வந்துவிடும்.

'ஆனா ஒண்ணும்மா. மண்ணுதான் இருக்கேன்னு கெட்டுப்போனதைப் போடாதீங்க. கண்ணுக்குத் தெரியாம நல்ல தீனியில வர்ற விஷத்துக்குத்தான் அது.'

இவ்வளவும் சொன்னார். என் காதுக்குள் போனது மண் மட்டும்தான்.

கள்ளக்குறிச்சிக்குப் போய் வாங்கி வந்தேன். சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறத்தில் வழவழவென்று ஒரு தூள். வீட்டுக்காரர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு மூன்றாவது வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

'ஏண்டி, கோமுகி அணையில இல்லாத மண்ணா? மண்ணு வாங்க பஸ் ஏறிப் போனவ நீ ஒருத்திதான்டி.'

விஷயத்தைச் சொன்னேன். சோளத்தில் விஷம் என்றதும் முகம் கறுத்தது. அவர் சோளத்தைக் குறை சொன்னால் அவர் அப்பாவைக் குறை சொன்ன மாதிரி. ஆனால் மண்ணைக் கலந்தால் விஷம் ஒட்டாது என்றதும் தெளிந்துவிட்டார்.

'அப்ப மிச்ச மூட்ட வீணாவாதுன்னு சொல்லு' என்றார்.

எனக்கும் அந்தக் கணக்கு பிடித்திருந்தது. அதில் இன்னொரு வசதியும் இருந்தது. அவளிடம் எதையும் சொல்ல வேண்டாம். தெருவில் நிற்கவைத்து அந்தக் கத்து கத்தியாயிற்று, இப்போது போய் 'தப்பு உன் பேரில் இல்லை, என் சோளத்தின் பேரில்' என்று சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. எதிர்வீட்டுக்காரிக்கு வேறு தெரிந்துவிடும். சத்தமில்லாமல் சரி பண்ணிவிட்டால் கோழியும் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும்.

அதனால் ஒரு மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டி, தூளைத் தூவி, நானே உட்கார்ந்து புரட்டிப் புரட்டிக் கலந்தேன். டாக்டரம்மா அரைத்துக் கலக்கச் சொல்லியிருந்தார். மில்லுக்குத் தூக்கிக்கொண்டு யார் போவது? முழு மணியிலேயே, வறுத்த கடலையில் உப்புத்தூள் ஒட்டுகிற மாதிரி, நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. மாசி முதல் வாரம் அவள் வந்து அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். வளைகாப்புக்கு முன்னாலேயே பொண்ணைச் சங்கராபுரத்திலிருந்து கூட்டிவந்துவிட்டதாகச் சொன்னாள், ஏழு மாதம் முடிந்துவிட்டதாம். 'நல்லா பாத்துக்கோ' என்றேன். கோழிகளைச் சொன்னேனா, பொண்ணைச் சொன்னேனா என்று இப்போது ஞாபகம் இல்லை.

இரண்டு வாரம் எனக்குள் ஒரே பெருமை. ஒருவருக்கும் தெரியாமல் நல்லது செய்கிறவர்களுக்கு வருகிற பெருமை. மூன்றாவது வாரம் ஒயர் கூடை மறுபடி வந்தது. இரண்டு கோழி.

இந்தத் தடவை டாக்டர் மேல் கோபம் வந்தது. மண்ணை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வீட்டில் கத்தினேன். அப்புறம் வேறு சந்தேகம் வந்தது. நாம் கொடுக்கிற சோளத்தை இவள் கோழிக்குப் போடுகிறாளா, இல்லை எங்காவது விற்கிறாளா? சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பிடித்துவிட வேண்டும். மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

நான் பிடித்தது இதைத்தான். வாசலில் பழைய புடவையை விரித்து, என் சோளம் ஈரமாக, பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பெரிய அலுமினிய அன்னக்கூடை நிறைய வெள்ளையாகக் கலங்கின தண்ணீர். அந்தப் பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து கறுப்பு மணிகளைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தது. இவள் குனிந்து இன்னொரு தடவை அலசிக்கொண்டிருந்தாள்.

'அடிப்பாவி, சோளத்த கழுவினியா?'

அவள் நிமிர்ந்து சிரித்தாள். வாயெல்லாம் பல். 'வாங்கம்மா, வாங்க. இந்த தடவ ஒரே மண்ணா இருந்துச்சுங்க. எந்த களத்துல கொட்டினாங்களோ தெரியல. மூணு தண்ணி ஊத்தி அலசிட்டேன். இப்ப பாருங்க, எப்பிடி பளிச்சுனு கீது.'

'கோழிக்கு போடறத எவளாவது கழுவுவாளா?'

'கோழிக்கு மட்டும்னா அப்பிடியே எறைச்சிட்டுருப்பேங்க. நாங்களும் அதுலதானே களி கிண்டறோம். நீங்க மூட்டமூட்டயா குடுக்கறீங்க, கோழி எவ்ளோதான் தின்னும்? இவ வந்ததுலேர்ந்து சோளக்களிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. அதுல மண்ணு கடிச்சா நல்லாவா இருக்கும்?'

உட்கார் என்று யாரும் சொல்வதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் அந்தப் பெண் எழுந்துபோய் ஒரு தட்டில் களி உருண்டையும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தது. 'சாப்புடுங்க, உங்க சோளந்தான்' என்றது. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. கர்ப்பிணிகளுக்கு அப்படி இருப்பதுதானா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தட்டைப் பார்க்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

'இத இனிமே சாப்புடாதீங்க' என்றேன். 'வேற நல்லது தரேன்.'

'ஏங்க? இதுக்கு இன்னா?'

சொன்னேன். மண்டிக்காரர் தொடாததிலிருந்து, ஈரல் உதிர்ந்தது வரைக்கும். அந்த மண் எதற்கு என்பதையும். பாதியில் என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கையிலிருந்த அன்னக்கூடையைக் கீழே வைத்துவிட்டாள். மகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தது.

'உங்களுக்கு எப்பங்க தெரியும்?'

'தை கடைசியில.'

'இந்த மூட்ட மாசியில குடுத்தீங்க.'

'மண்ணு கலந்துதானே குடுத்தேன்.' சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

'எங்களுக்குன்னு கலந்தீங்களா?'

'கோழிக்கு' என்றேன். பொய் சொல்ல அப்போது தெம்பு இல்லை.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்குக் கத்த எனக்குத் தெரியும். அவள் என் தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ஆஸ்பத்திரிக்கு இப்போதே போகலாம், நானும் வருகிறேன் என்றேன். 'நாங்க போய்க்கறோம்ங்க' என்றாள். நான் கிளம்பின பிறகு போனார்களாம். சித்திரை கடைசியில் அந்தப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்ததாகவும் தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாகவும் பஸ்ஸில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது என் புண்ணியத்தில் இல்லை.

அன்றைக்கு அவள் அடுத்தபடி செய்தது, கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காலைக் கட்டியது. தாய்க்கோழிகளில் ஐந்தும் பழைய சேவலும் மிச்சம். வளர்ந்த குஞ்சுகள் எட்டு. வாரத்தில் பங்கு பிரிக்கும்போது உடையவர்தான் முதலில் பொறுக்குவது வழக்கம். எட்டையும் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு, 'நீங்க மொதல்ல எடுத்துக்கோங்க' என்றாள்.

'எனக்கு வேணாம். எல்லாத்தையும் நீயே வெச்சிக்கோ. தாய்க்கோழியையும் வெச்சிக்கோ. பங்குனிக்கு ஆவும்.'

'பங்குன்னா பங்குங்க.'

நான் கையை நீட்டவில்லை. அவளே பொறுக்கினாள். திடமாக இருந்த நாலையும் என் பக்கம் நகர்த்தினாள், கழுத்தைத் தொங்கப்போட்டிருந்த நாலைத் தனக்கு வைத்துக்கொண்டாள். இதை அவள் வேண்டுமென்றே செய்தாளா, பழக்கத்தில் செய்தாளா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

'வளைகாப்பு?' என்று கேட்டேன்.

'செய்வேங்க. எம்பொண்ணு வளைகாப்ப நான் செய்யாம யாரு செய்யறது? உங்க கொல்லையில இல்லன்னா வேற கொல்லையில வேல இல்லாமலா போயிடும்?'

பஸ் நேரமாகிவிட்டது. எழுந்து, அவள் கோழிகளை அடைத்துக் கொடுத்த கூடையை எடுத்தேன். அவள் புடவையில் காய்ந்துகொண்டிருந்த சோளத்தை வழித்து மூட்டையில் போட ஆரம்பித்தாள். ஓரமாகச் சிதறிக் கிடந்த மணிகளை மண்டிபோட்டு ஒன்றுவிடாமல் பொறுக்கினாள். மகள் பொறுக்கி எறிந்த கறுப்பு மணிகளையும்கூடத் தேடித் தேடி எடுத்தாள். மூட்டை வாயைக் கட்டி, ஒரு துணியைச் சும்மாடாகச் சுருட்டி என்னிடம் நீட்டினாள்.

'விடும்மா, எங்கனா கொட்டிடு' என்றேன்.

'இங்க கொட்டினா பக்கத்து வூட்டு கோழிங்க பொறுக்கிடும்ங்க' என்றாள். 'நீங்களே எடுத்துக்கினு போயிடுங்க.'